ஃபுண்டமெண்டா மேத்தமேட்டிகே: நூறு வருடமாகப் பதில் வந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்விதழ்

ஓர் ஆய்விதழ் எவ்வளவு முக்கியமானது என்று கேட்டால் இன்று கல்லூரி வட்டாரத்தில் உடனே சொல்லப்படுவது ஓர் எண்தான்: இம்பாக்ட் ஃபேக்டர். கணக்கு எளிது. அந்த இதழில் கடந்த இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என்று முடிவெடுக்க உதவிய இந்தக் கணக்கு, 1975 முதல் வருடாவருடம் அறிக்கையாக வர ஆரம்பித்தது, அப்புறம் மெல்ல மெல்ல ஆளை எடைபோடும் கருவியாகவும் ஆகிவிட்டது.

போலந்தின் வார்சா நகரத்திலிருந்து வரும் ‘ஃபுண்டமெண்டா மேத்தமேட்டிகே’ என்ற கணித இதழுக்கு இந்த எண் பல வருடங்களாக ஒன்றுக்குக் கீழேதான் இருக்கிறது. பெரிய மருத்துவ இதழ்களுக்கு அது நூறை ஒட்டியும் தாண்டியும் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர், வார்சா இதழ் ஒரு மூலையில் கிடக்கும் சின்ன இதழ் என்று நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணிதம் படித்த யாரும், பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் உட்பட, அந்த இதழில் முதன்முதலில் அச்சான ஏதோ ஒன்றைப் படித்தே வந்திருக்கிறார்கள். ஒரு துறைக்கென்றே நடக்கும் இதழ் ஆராய்ச்சியில் என்ன தாக்கத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதல் உலகப் போர் முடியும் நேரம். நூற்றுக்கும் மேலான வருடங்கள் ரஷ்யா, பிரஷியா, ஆஸ்திரியா என்று மூன்று பேரரசுகளுக்குள் பிரிந்து கிடந்த போலந்து, 1918 நவம்பரில் மறுபடி ஒரு நாடாகிறது. அதே வருடம் யானிஷெவ்ஸ்கி என்ற முப்பது வயதுக் கணிதர் ஒரு கட்டுரை எழுதுகிறார், போலந்துக் கணிதத்துக்கு என்ன தேவை என்று. பாரிஸில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர், போலந்து விடுதலைக்காகப் போராடிய பில்சுட்ஸ்கியின் படையில் சேர்ந்து போருக்கும் போனவர். அவர் வாதம் ரொம்ப நடைமுறை சார்ந்தது. நம்மிடம் ஆட்கள் குறைவு, பணம் குறைவு. கணிதத்தின் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டிருந்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம். ஒரே ஒரு துறையை எடுப்போம், எல்லாரும் அதில் இறங்குவோம், அந்தத் துறைக்கு மட்டுமே ஓர் இதழ் நடத்துவோம், அதைப் போலிஷ் மொழியில் நடத்தாமல் வெளியுலகம் படிக்கும் மொழிகளில் நடத்துவோம்.

தேர்ந்தெடுத்த துறை கணக் கோட்பாடும், அதை ஒட்டிய டோபாலஜியும் (கிழிக்காமல் இழுத்து நெளித்தாலும் ஓர் உருவத்தில் மாறாமல் இருப்பவற்றைப் படிக்கும் கிளை) தர்க்கமும். அன்றைக்கு இது விசித்திரமான முடிவு. அதுவரை கணித இதழ் என்றால் இயற்கணிதம், வடிவியல், நுண்கணிதத்திலிருந்து வளர்ந்த பகுப்பாய்வு எல்லாம் கலந்துதான் வரும். ஒரு கிளைக்கு மட்டும் இதழ் என்பது கேள்விப்படாத விஷயம். அதிலும் கணக் கோட்பாடு அப்போது ஐம்பது வயதுகூட ஆகாத துறை, அதைக் கணிதம் என்று ஒத்துக்கொள்ளாதவர்களே நிறைய இருந்தார்கள். லெபேக், லூசின் மாதிரி அந்தத் துறையின் பெரிய பெயர்களுக்கே சந்தேகம் இருந்தது: இவ்வளவு குறுகிய எல்லைக்குள் ஓர் இதழை நிரப்ப வருடாவருடம் தரமான கட்டுரைகள் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாம் தொகுதியிலேயே, 1921-ல், லெபேக்கின் கட்டுரை ஒன்று வந்துவிட்டது.

முதல் தொகுதி 1920-ல் வந்தது. யானிஷெவ்ஸ்கி அதைப் பார்க்கவில்லை. அந்த வருடம் ஜனவரி 3-ம் தேதி லிவூவ் நகரத்தில் (இன்று உக்ரைனின் லிவிவ்) காய்ச்சலில் இறந்துபோனார், வயது 31. அப்போது உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த இன்ஃபுளுயன்சா. வார்சா கணிதர்களான மசூர்கெவிச்சும் சியர்பின்ஸ்கியும் இதழைக் கையில் எடுத்தார்கள். அதே வருடம் சோவியத் படைகள் வார்சாவை நெருங்கிவந்தன, இந்த இரண்டு பேருமே அப்போது ராணுவத்துக்காக ரஷ்ய ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலையிலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில்தான் முடிவிலிகளைப் பற்றிய ஓர் இதழுக்கு மெய்ப்புத் திருத்தினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

முதல் தொகுதியில் எழுதியவர்கள் எல்லாரும் போலந்துக்காரர்கள், அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அடுத்த தொகுதியிலிருந்து கதவு எல்லாருக்கும் திறந்தது.

இனி உள்ளே என்ன வந்தது என்று பார்ப்போம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ முதல் பாடம். அதில் வரிசைச் சோடி வரும்: முதலில் இருப்பது எது, அடுத்தது எது என்பது முக்கியம், இடம் மாற்றினால் வேறு சோடி. ஆனால் கணம் என்பதில் வரிசையே கிடையாதே, அப்படியானால் வரிசை இல்லாத பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையை எப்படிக் கட்டுவது? வார்சாவின் இளம் கணிதர் குராட்டோவ்ஸ்கி 1921-ல், இரண்டாம் தொகுதியில், ஒரு வரியில் வழி சொன்னார்: முதல் உறுப்பு மட்டும் உள்ள கணம் ஒன்று, இரண்டு உறுப்புகளும் உள்ள கணம் ஒன்று, இவை இரண்டையும் சேர்த்து ஒரு கணம். இதுதான் இன்றும் உலகத்தின் எல்லாக் கணக் கோட்பாட்டுப் புத்தகங்களிலும் இருக்கும் வரையறை. யாரும் இதற்கு மேற்கோள் போடுவதில்லை. மேற்கோள் எண்ணும் எந்தக் கருவியாலும் இந்த மாதிரித் தாக்கத்தைப் பிடிக்க முடியாது. ஒரு கருத்து ரொம்ப வெற்றிபெற்றால் அது யாருடையது என்று சொல்வதையே மக்கள் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் தொகுதி, 1922. ஒரே தொகுதிக்குள் இருப்பவற்றைச் சொல்கிறேன். லிவூவ் கணிதர் பனாக்கின் முனைவர் பட்ட ஆய்வு இருக்கிறது, இன்று ‘பனாக் வெளி’ என்று அழைக்கப்படுவது, அதாவது நவீனப் பகுப்பாய்வின் அடித்தளங்களில் ஒன்று, அதில்தான் வருகிறது. குராட்டோவ்ஸ்கியின் அடைப்பு அடிகோள்கள் இருக்கின்றன, ஒரு புள்ளிக்கூட்டத்தோடு அதன் எல்லையையும் சேர்த்துக்கொள்வது என்ற ஒரே செயலை நான்கு விதிகளில் பிடித்து, மொத்த டோபாலஜியையும் அதன் மேல் எழுப்பலாம் என்று காட்டிய கட்டுரை. அப்புறம் 1935-ல் சோர்ன் கண்டதால் ‘சோர்ன் துணைத் தேற்றம்’ என்று பெயர் நிலைத்துவிட்ட கருவி, அதற்கு 13 வருடம் முன்பே குராட்டோவ்ஸ்கி எழுதிய இன்னொரு கட்டுரையில் இதே தொகுதியில் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்கணித வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் அது எத்தனை தடவை வந்தது என்று நினைவிருக்கும். இவற்றோடு, நாஸ்டர் எழுதிய, அப்போது வெறும் விநோதமாகத் தோன்றிய ஒரு கட்டுரையும் இருக்கிறது. அதற்குத் தனிக் கதை உண்டு.

ஃபுண்டமெண்டாவின் பழைய தொகுதிகளில் கட்டுரைகளுக்குப் பிறகு ‘கேள்விகள்’ என்று ஒரு பகுதி வந்தது. விடை தெரியாத கேள்விகளை எண் போட்டு அச்சிடுவார்கள். என் பார்வையில் இந்த இதழின் பெரிய பங்களிப்பே இந்தச் சில பக்கங்கள்தான், கட்டுரைகளைவிட அதிகமாகவே. முடிந்த வேலையைப் பதிவுசெய்வதைத்தான் எல்லா இதழும் செய்கிறது. முடியாத வேலையை எண் போட்டு எல்லார் முன்னாலும் வைத்து, இதை யாராவது முடியுங்கள் என்று சொல்வதற்குத் துணிச்சலும் ரசனையும் வேண்டும், ஏனென்றால் மோசமான கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் அது ஒரு தலைமுறையின் நேரத்தையே தின்றுவிடும்.

முதல் தொகுதியின் இரண்டாம் கேள்வி நாஸ்டரும் குராட்டோவ்ஸ்கியும் சேர்ந்து கேட்டது. தாளில் வரையக்கூடிய, விடுபடாமல் ஒட்டியிருக்கும் ஓர் உருவம், எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இந்த முனை, அந்த நடு என்ற வேறுபாடே கூடாது. வட்டம் அப்படிப்பட்டது. ஒரு கோட்டுத்துண்டு அப்படிப்பட்டது இல்லை, அதன் முனைகள் தனியாகத் தெரிகின்றன. சரி, வட்டத்தை நெளித்து வரும் உருவங்களைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? இல்லை என்பதுதான் அன்று பலர் எதிர்பார்த்த விடை. 1948-ல், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த கணிதர் பிங் இன்னொன்று இருக்கிறது என்று நிரூபித்தார். ‘போலிவில்’ (pseudo-arc) என்று சொல்லலாம், விடுபடாத எந்தத் துண்டை எடுத்தாலும் அதை, தனித்தனியே விடுபடாமல் ஒட்டியிருக்கும் இரண்டு சிறிய பகுதிகளின் சேர்க்கையாகப் பிரிக்க முடியாத, கற்பனைக்கே அடங்காத ஓர் உருவம். 1951-ல் பிங்கே இன்னொன்றையும் காட்டினார்: அந்த உருவமும், 1922-ல் நாஸ்டர் மூன்றாம் தொகுதியில் கட்டிக் காட்டிய உருவமும் ஒன்றேதான். அதாவது கேள்வி முதல் தொகுதியில், விடைக்கான உருவம் மூன்றாம் தொகுதியில், கேள்வி கேட்டவரில் ஒருவரே அதைச் செய்தும் இருக்கிறார், ஆனால் இரண்டும் பொருந்தும் என்பது தெரிய 29 வருடம் ஆயிற்று. அப்படிப்பட்ட உருவங்கள் மொத்தம் எத்தனை என்ற முழுப் பட்டியல் 2016-ல்தான் முடிந்தது: வட்டம், போலிவில், போலிவில்களால் ஆன ஒரு வட்டம், இந்த மூன்று மட்டுமே. கேள்வி அச்சாகி 96 வருடம்.

மூன்றாம் கேள்வி சுஸ்லின் என்ற ரஷ்ய இளைஞருடையது. லூசினின் மாணவர், வாழ்நாளில் ஒரே ஒரு சிறு கட்டுரை வெளியிட்டவர், 1919-ல் இருபத்தைந்து வயதுகூட ஆகாமல் டைஃபஸ் நோயில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன கேள்வியை அடுத்த வருடம் வார்சா இதழ் அச்சிட்டது. மெய்யெண் கோட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு: முனை கிடையாது, எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே இன்னொரு புள்ளி இருக்கும், ஓட்டைகள் இல்லை. இவற்றோடு, ஒன்றோடொன்று ஒட்டாத இடைவெளித் துண்டுகளை அதிலிருந்து வெட்டினால் அவை எண்ணத்தக்க அளவுதான், அதாவது 1, 2, 3 என்று வரிசை எண் போடக்கூடிய அளவுதான், இருக்கும் என்ற அடையாளத்தையும் சேர்த்துக்கொண்டால், அந்தக் கோடு மெய்யெண் கோடாகத்தான் இருந்தாக வேண்டுமா?

ஐம்பது வருடம் யாராலும் முடியவில்லை. 1960-களின் கடைசியில், 1971 வரை நீண்ட வேலைகளில், யெக், டென்னன்பாம், சொலோவே ஆகியோர் காட்டியது என்னவென்றால், கணிதத்தின் வழக்கமான அடிகோள்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆம்’ என்றும் நிரூபிக்க முடியாது, ‘இல்லை’ என்றும் நிரூபிக்க முடியாது. இந்த விடையைத் தேடும் வழியில் உருவான உத்திகள், மார்ட்டின் அடிகோள் உட்பட, இன்றைய கணக் கோட்பாட்டில் தினசரி உபயோகிக்கும் கருவிகளாகிவிட்டன. இரண்டு வருடக் கணக்குப்படி பார்த்தால் 1920-ல் வந்த இந்தக் கேள்விக்கான கடை 1922-லேயே அடைக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925-ல் வார்சாவின் டார்ஸ்கி கேட்டது: ஒரு வட்டத் தகட்டை எண்ணிக்கைக்கு உட்பட்ட துண்டுகளாக்கி, அவற்றை நகர்த்தி அதே பரப்புள்ள சதுரமாக அடுக்க முடியுமா? கத்தரிக்கோலால் முடியாது. எப்படிப்பட்ட துண்டுகளையும் அனுமதித்தால் முடியும் என்று 1990-ல் ஹங்கேரியின் லாட்ஸ்கோவிச் நிரூபித்தார், துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 1-க்குப் பின்னால் ஐம்பது சுழியம். 2017-ல் இன்னும் ஒழுங்கான துண்டுகளாலேயே செய்யலாம் என்று வேறு குழுக்கள் காட்டின. கதை இன்னமும் ஓடுகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இழைக்கு வருகிறேன். 1923, நான்காம் தொகுதி, பனாக்கின் ‘அளவைச் சிக்கல்’ பற்றிய கட்டுரை. நீளம், பரப்பு என்று நாம் சொல்வதை எந்த விதிகள் தீர்மானிக்கின்றன என்பதுதான் விஷயம். ஒரு வட்டத்தின் மேலோ கோளத்தின் மேலோ உள்ள பகுதிகளுக்கு அளவு கொடுக்க வேண்டும். முழுவதற்கும் அளவு 1. சுழற்றினால் அளவு மாறக் கூடாது. ஒட்டாத இரண்டு பகுதிகளைச் சேர்த்தால் அளவுகளும் கூட வேண்டும். நமக்குப் பழக்கமான நீளம், பரப்பு என்பவற்றின் கணித வடிவமான லெபேக் அளவை இதையெல்லாம் செய்கிறது. அது ஒன்றுதானா, வேறு அளவையும் உண்டா? வட்டத்துக்கு வேறும் உண்டு என்று பனாக் காட்டினார். கோளத்துக்கு? இது லிவூவ் கணிதர் ருஜியேவிச் கேட்ட கேள்வி என்று அந்தக் கட்டுரையில் வருகிறது.

அடுத்த வருடமே பனாக்கும் டார்ஸ்கியும் சேர்ந்து ஆறாம் தொகுதியில் ஒரு குண்டைப் போட்டார்கள்: ஒரு திண்மக் கோளத்தைச் சில துண்டுகளாக்கி, துண்டுகளைச் சுழற்றி நகர்த்தி மட்டுமே, அதே அளவுள்ள இரண்டு கோளங்களாக்கலாம். எத்தனை கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற ‘தேர்வு அடிகோளை’ ஒத்துக்கொண்டால் இதை மறுக்க வழியே இல்லை. முப்பரிமாணத்தில் நடப்பது தளத்தில் ஏன் நடக்கவில்லை என்று ஃபான் நாய்மன் 1929-ல் பதிமூன்றாம் தொகுதியில் விளக்கினார், காரணம் வடிவத்தில் இல்லை, அதைச் சுழற்றி நகர்த்தும் அசைவுகளின் தொகுப்பில், கணிதத்தில் ‘குலம்’ (group) என்பதில், இருக்கிறது என்று. அந்தக் கட்டுரை குலக் கோட்பாட்டில் ஒரு தனிக் கிளையையே ஆரம்பித்துவைத்தது. கோளத்தை இரண்டாக்க ஐந்து துண்டுகள் போதும் என்று ராபின்சன் 1947-ல் காட்டியதும் இதே இதழில்தான்.

ருஜியேவிச்சின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 1980-ஐ ஒட்டித்தான் மார்குலிஸும் சல்லிவனும் தனித்தனியாக, உயர்ந்த பரிமாணக் கோளங்களுக்கு லெபேக் அளவை ஒன்றே ஒன்றுதான் என்று முடித்தார்கள். நாம் கையில் பிடிக்கும் சாதாரணக் கோளம் அந்த முறைக்கு மசியவில்லை. 1984-ல் டிரின்ஃபெல்ட் அதை முடித்தார், எதை வைத்து முடித்தார் தெரியுமா? ராமானுஜன் 1916-ல், அளவையோ கோளமோ எதையும் நினைக்காமல், ஒருவகை எண் வரிசையின் அளவு எவ்வளவு பெரிதாகலாம் என்று ஊகித்த ஒன்று இருக்கிறது. அதன் பொதுவடிவத்தை டெலின் 1974-ல் நிரூபித்திருந்தார். டிரின்ஃபெல்ட் எடுத்துக்கொண்டது அதைத்தான். கும்பகோணத்துக்காரர் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து எழுதிய ஊகம், லிவூவ்காரர்கள் கேட்ட கேள்விக்கு அறுபது வருடம் கழித்துப் பதிலாகிறது. அதே ஊகத்தின் பலத்தில் லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்னாக் மூவரும் 1988-ல் கட்டிய வலைப்பின்னல்களுக்கு ‘ராமானுஜன் கிராஃப்’ என்றே பெயர், கணினி அறிவியலில் குறைந்த இணைப்புகளில் நன்றாகப் பின்னிய வலை வேண்டும் என்கிற இடங்களில் அவை வருகின்றன. இதையெல்லாம் பார்க்கும்போது, ஆய்வின் தாக்கம் என்பதை ஓர் இதழின் கணக்கில் மட்டும் வரவுவைக்கவே முடியாது என்று தோன்றுகிறது, ஆனால் அந்தக் கேள்வியை 1923-ல் யாரோ அச்சில் வைத்திருக்கத்தானே வேண்டும்.

இது எப்படி நடந்தது? திறமைசாலிகள் சேர்ந்திருந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் திறமைசாலிகள் சேர்ந்திருந்தும் ஒன்றும் நடக்காத ஊர்கள் எத்தனையோ. என் கணிப்பில் குறுகலே காரணம். எல்லாரும் ஒரே இதழில், ஒரே மாதிரிப் பொருளைப் பற்றி எழுதியதால் ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதிக்குப் பதிலாக அமைந்தது. பனாக் கேட்பதற்கு ஃபான் நாய்மன் பதில் எழுதுகிறார், ராபின்சன் அதை மேலும் தீட்டுகிறார், மூவரும் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். பொது இதழ்களில் சிதறியிருந்தால் இந்தப் பேச்சு இவ்வளவு வேகமாக நடந்திருக்காது. மாஸ்கோவின் இளைஞர்களுக்கும் இது ஒரு வாசல் ஆயிற்று; 1924-ல் பிரான்ஸில் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்த உரிசோனின் பெரிய ஆய்வுரை, அவர் போன பிறகு இங்கேதான் பகுதி பகுதியாக வந்தது. பரிமாணம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அது தந்த விடை இன்றும் நிற்கிறது.

தூய கணிதம் மட்டுமே, நடைமுறைக்கு ஒன்றும் உதவவில்லை என்று யாராவது சொன்னால், இரண்டைச் சொல்வேன். மூன்று வீடு, மூன்று இணைப்பு, தண்ணீர், எரிவாயு, மின்சாரம், குழாய்கள் ஒன்றையொன்று வெட்டாமல் கொண்டுபோக முடியுமா என்ற புதிர் பலருக்குத் தெரியும். முடியாது. தளத்தில் வெட்டாமல் வரைய முடியாத எல்லா வலைக்குள்ளேயும் ஒன்று இந்தப் புதிர் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் ஐந்து முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த வலை ஒளிந்திருக்கும் என்று குராட்டோவ்ஸ்கி 1930-ல் பதினைந்தாம் தொகுதியில் நிரூபித்தார், பொறியியல் கல்லூரி கிராஃப் தியரி பாடத்தில் அது கட்டாயம் வரும். இன்னொன்று 1929-ல் நாஸ்டர், குராட்டோவ்ஸ்கி, மசூர்கெவிச் மூவரும் எழுதிய ஒரு சின்னத் துணைத் தேற்றம். ஒரு தகட்டை எப்படி நெளித்து அதன் மேலேயே வைத்தாலும் ஒரு புள்ளியாவது இடம் மாறாது என்கிற நிலைப்புள்ளித் தேற்றத்துக்கு எளிய நிரூபணம் தருவதற்காக எழுதியது. பின்னாளில் பொருளியலில் சந்தைச் சமநிலை இருக்கிறது என்று நிரூபிக்கும் இடங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

குறுகலுக்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. வார்சாவில் கணக் கோட்பாடும் டோபாலஜியும் ஓங்கி வளர்ந்த காலத்தில் இயற்கணிதமும் பயன்பாட்டுக் கணிதமும் அந்த அளவுக்கு வளரவில்லை. பகுப்பாய்வுக்காக லிவூவில் 1929-ல் பனாக்கும் ஸ்டெய்ன்ஹவுஸும் ‘ஸ்டுடியா மேத்தமேட்டிகா’ என்று தனி இதழே ஆரம்பிக்க வேண்டிவந்தது.

1939 வரை 32 தொகுதிகள். அப்புறம் போர். ருஜியேவிச்சை 1941 ஜூலையில் லிவூவில் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். இதே வட்டத்துக் கணிதர்களில் லிண்டன்பாம் அதே வருடம், சாக்ஸ் 1942-ல், ஷவுடர் 1943-ல் கொல்லப்பட்டார்கள். டார்ஸ்கி 1939 ஆகஸ்டில் அமெரிக்கா போயிருந்ததால் தப்பினார். சியர்பின்ஸ்கியும் குராட்டோவ்ஸ்கியும் வார்சாவில் ரகசியமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1944-ல் சியர்பின்ஸ்கியின் வீடும் அதிலிருந்த நூலகமும் எரிக்கப்பட்டன. மசூர்கெவிச் 1945 ஜூனில் இறந்தார். அந்த 1945-லேயே 33-ம் தொகுதி வெளிவந்துவிட்டது. இடிந்து கிடந்த ஒரு நாட்டில் எத்தனையோ அவசர வேலைகளுக்கு நடுவே இதையும் ஓர் அவசர வேலையாக அவர்கள் நினைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்த இதழின் ஒரு கிளை சென்னை வரை வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர். வைத்தியநாதசுவாமி, குராட்டோவ்ஸ்கி தொடங்கிவைத்த கருத்துகளை எடுத்து 1940-களில் சொந்தமாக வளர்த்தார். கணங்களில் ‘சின்னவை’ என்று சிலவற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவற்றைக் கண்டுகொள்ளாமல் டோபாலஜி செய்தால் என்ன ஆகும் என்பது சுருக்கமாக அவர் விஷயம். 1947-ல் சென்னையிலிருந்து வந்த அவருடைய டோபாலஜி நூல் பின்னர் அமெரிக்காவிலும் மறுபதிப்பானது. இன்று ‘ஐடியல் டோபாலஜி’ என்று எழுதும் எவரும் குராட்டோவ்ஸ்கி, வைத்தியநாதசுவாமி என்ற இரண்டு பெயரையும் சேர்த்தே முதல் பத்தியில் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் டோபாலஜியில் ஆய்வுப் பட்டம் வாங்குபவர்களில் நிறையப் பேர் இந்த வழியில்தான் வருகிறார்கள், கூடவே லெவின் 1970-ல் அறிமுகப்படுத்திய பொதுமையாக்கிய மூடிய கணங்களின் வழியிலும். இங்கேதான் எனக்குக் கவலை. வரையறையில் ஒரு நிபந்தனையைத் தளர்த்தி, புதிய பெயர் வைத்து, பழைய தேற்றங்கள் இன்னமும் நிற்கின்றனவா என்று சரிபார்க்கும் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. அவற்றை எழுதுபவர்களை நான் குறை சொல்லவில்லை, வாரத்துக்கு அத்தனை வகுப்புகள் எடுத்துக்கொண்டு, நல்ல நூலகம் இல்லாத ஊரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். குறை விதிகளில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிமுறையில் கட்டுரைக்கு மதிப்பெண் இருந்தது: இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றுக்குக் கீழே உள்ள இதழில் வந்தால் 10, பத்துக்கு மேலே உள்ள இதழில் வந்தால் 30. தூய கணிதத்தில் உலகத்தின் உச்ச இதழ்களுக்கே பத்து எட்டாது. அந்த அட்டவணைப்படி ஃபுண்டமெண்டாவில் வந்த ஒரு கட்டுரைக்கும், ஒன்றைத் தொடாத வேறு எந்த இதழில் வந்த கட்டுரைக்கும் ஒரே மதிப்பு. ஃபுண்டமெண்டாவுக்கு அனுப்பினால் நடுவர்கள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வரிவரியாகப் பார்ப்பார்கள், பல சமயம் திருப்பியும் அனுப்புவார்கள். பதவி உயர்வுக்கு நாள் குறித்திருக்கும் ஓர் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

கணிதத்தில் மேற்கோள் மெதுவாகவே வருகிறது என்பதைப் பன்னாட்டுக் கணித ஒன்றியமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் 2008-லேயே ஓர் அறிக்கையில் விரிவாகச் சொல்லிவிட்டன. ஒரு கணித இதழுக்கு வரும் மேற்கோள்களில் பெரும்பகுதி அந்த இரண்டு வருடச் சன்னலுக்கு வெளியேதான் விழுகிறது. மொத்த மேற்கோள்களே குறைவு என்பதால் நாலு பேர் கூடி ஒருவரையொருவர் காட்டிக்கொண்டாலே பட்டியலில் மேலே போய்விட முடியும். அது உண்மையாகவே நடந்தது. 2023-ல், இம்பாக்ட் ஃபேக்டரையும் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களின் பட்டியலையும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் கணிதத்தை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அளக்கும் நிறுவனமே இந்தத் துறையில் தன் அளவுகோலை நம்பாதபோது, நம் தேர்வுக் குழுக்கள் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்குவது சரியில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேற்கோள்களை ஐந்து, பத்து, ஐம்பது வருடத்துக்கு நீட்டிப் பார்த்தால் அவை ஏதோ சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு கல்லூரி ஆசிரியரின் கட்டுரையைத் தேர்வுக் குழு எடைபோடும்போது இதழின் எண்ணைப் பார்ப்பதற்குப் பதில், அந்தத் துறை தெரிந்த ஒருவரை அந்தக் கட்டுரையைப் படிக்கவைத்து, இதில் கேட்டிருக்கும் கேள்வி கேட்கத் தகுந்ததா என்று எழுதி வாங்கலாம். செலவு அதிகமில்லை, ஒரு மாதம் கூடுதலாக ஆகும். ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் எளிதான ஒன்று கையிலேயே இருக்கிறது: ஃபுண்டமெண்டாவின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கும்தான், ஆனால் இப்போது மொழிபெயர்ப்புக் கருவிகள் இருக்கின்றன, கணிதக் குறியீடுகளும் உதவும். டோபாலஜியில் தலைப்பு தேடுபவர்கள் நேற்று வந்த பத்துக் கட்டுரைகளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தொகுதிகளின் கடைசிப் பக்கங்களுக்குப் போய், எண் போட்ட கேள்விகளைப் படித்துவிட்டு வரலாம், ஒவ்வொன்றும் பின்னால் என்ன ஆயிற்று என்று தேடியும் பார்க்கலாம்.